துரைக்கு மூத்திரம் வரவில்லை

வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் அந்த மனிதரைத் தெருவில் எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரும் போகவில்லை, பழக்கமும் போகவில்லை. பேருந்தில் ஏறுகிறவர் "ஆஸ்..." என்று வாயெடுத்ததுமே "ஆஸ்பத்திரி ஸ்டாப்பு, ரெண்டு பேரா, உள்ளே போங்க" என்று சீட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். முழுச் சொல்லையும் கேட்டுக்கொண்டு நின்றால் வண்டி போய்ச் சேராது என்பது அவர் கட்சி. பத்தில் ஒன்பது பேருக்குச் சரியான சீட்டுத்தான் கிழித்தார், அதையும் சொல்ல வேண்டும். அந்தப் பத்தாவது ஆள் எங்கே போய் இறங்கினான், என்ன ஆனான் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். "என்னை ஒரு தடவையாவது முழுசாப் பேச விடுங்களேன்" என்று அவர் மனைவி ஆரம்பித்தால், "விடறேன், விடறேன், யாரு வேண்டாம்னா" என்று அதையும் பாதியிலேயே வெட்டிவிடுவார். அவளும் எத்தனை காலம் மல்லுக்கட்டுவாள்? சொல்ல வேண்டியதையெல்லாம் பூனையிடம் சொல்லப் பழகிக்கொண்டாள். பூனை குறுக்கே பேசாது.

பூனையின் பெயர் துரை. வெளிர்மஞ்சள் நிறக் கடுவன் பூனை. குட்டியிலேயே டாக்டரிடம் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து வைத்ததால் ஊர் மேயப் போகாது. சாப்பாடு, தூக்கம், வீட்டம்மாவின் மடி, இவ்வளவுதான் அதற்கு உலகம். கண்டக்டருக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. "வாடகை கொடுக்காத குடித்தனக்காரன்" என்பார் அதைப் பார்க்கும்போதெல்லாம்.

அப்புறம் ஒரு காலையில், பல் தேய்க்கப் போன மனைவி அப்படியே சுவரோடு சாய்ந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ வாயில் தங்கிவிட்டது: "அதான்." பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான், கோபம் வந்தாலும் அதான். புத்தியெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது, சொல்வது அத்தனையும் புரியும், பதில்தான் வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள்.

ஆமாம், இல்லை என்று தலையை ஆட்ட அவளால் முடியும். அதற்கு யாராவது கேள்வி கேட்க வேண்டுமே. கண்டக்டர் கேட்கிற ஆள் இல்லை. அவள் "அ..." என்று இழுத்ததுமே "தண்ணிதானே, இந்தா" என்று டம்ளரை நீட்டுவார். பத்தில் ஒன்பது சரியாகவும் இருக்கும். "அவ மனசுல நினைக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும்" என்று எதிர்வீட்டுத் தையல்காரப் பெண்ணிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் உள்ளபடியே கண்டுபிடித்தார். அந்த விழுந்துபோன வலது கையை அசைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் பந்து கொடுத்தார்கள், ரப்பர் கொடுத்தார்கள். எதற்கும் அது மசியவில்லை. ஒரு மத்தியானம் துரை வந்து அந்தக் கையடியில் முதுகைக் கொடுத்துப் படுத்தது. இரண்டு விரல்கள் ரோமத்துக்குள் மெல்ல அசைந்தன. கண்டக்டர் கதவோரம் நின்று அதைப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அன்றிலிருந்து துரைக்கு நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வந்தார். அந்த முதுகு இருக்கிறவரைக்கும் விரல் அசையும், விரல் அசைகிறவரைக்கும் அவள் ஒருநாள் எழுந்துவிடுவாள். அவருக்கு வேறு எந்த நம்பிக்கையும் மிச்சமிருக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் துரைக்கு மூத்திரக் கோளாறு வந்தது.

கூடத்தில் ஜன்னலை ஒட்டி மனைவியின் கட்டில். ஜன்னலுக்கு நேர் கீழே துரையின் மண் தட்டு. துரை மூச்சுக்கு ஒரு தரம் அந்தத் தட்டில் போய் உட்கார்ந்தது. முக்கியது, முனகியது, நாலு சொட்டு விட்டது, வெளியே வந்து அடிவயிற்றை நக்கியது, மறுபடியும் போய் உட்கார்ந்தது. கண்டக்டர் அதைத் துணிக்கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினார்.

டாக்டரம்மா நிதானமானவள். துரையின் வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள். "மூத்திரப்பை சின்னதாத்தான் இருக்கு. அடைப்பு இல்லை. புண்ணா, உப்பா, கிருமியான்னு மூத்திரத்தைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். பிடிச்சிட்டு வாங்க."

"எப்படிம்மா பிடிக்கிறது? பாட்டிலைக் காட்டி ஊத்துடான்னா ஊத்துவானா?"

அவள் சிரித்தாள். ஒரு பொட்டலம் பிளாஸ்டிக் மணிகளைக் கொடுத்தாள். மண்ணைக் கொட்டிவிட்டு, தட்டைக் கழுவிக் காயவைத்து, இந்த மணிகளைப் பரப்ப வேண்டும். மண் ஈரத்தைக் குடித்துவிடும், மணி குடிக்காது. பூனை போனதும் தட்டைச் சாய்த்து, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிப் பாட்டிலில் விட்டு உடனே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அது போகும்போதே கரண்டியை நீட்டிப் பிடித்துவிடலாம்.

"வீட்டுல வேற பூனை ஏதாவது..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"இது ஒண்ணே போதும்மா, உயிரை வாங்குது."

"சரி, இன்னொரு விஷயம் ரொம்ப முக்கியம். கடுவனுக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். முக்கியும் சொட்டுக்கூட..."

"கூட்டிட்டு வந்துடறேன்மா, தெரியும்" என்று கண்டக்டர் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். மனைவிக்குக் கஞ்சி கொடுக்கிற நேரம் அது.

மறுநாள் காலையில் கையில் கரண்டியோடு தட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். துரை வந்தது, உட்கார்ந்தது, அவர் முகத்தையே உற்றுப் பார்த்தது, எழுந்து போய்விட்டது. மறுபடி வந்தது. அவர் கரண்டியை நீட்டினார், அது அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. எழுபதை நெருங்குகிற மனிதர், கரண்டியும் கையுமாகப் பூனைப் பிட்டத்துக்குப் பின்னால் தவழ்கிற காட்சியைக் கட்டிலிலிருந்து பார்த்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கவாதம் வந்தபிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். ஒரு பக்கத்து உதடு மட்டும் சிரித்தது. "சிரி, சிரி, நல்லாச் சிரி" என்று கண்டக்டரும் சிரித்தார்.

இடுப்பு விட்டுப்போனது. தேநீர் போடலாம் என்று அடுக்களைக்குப் போனார். திரும்பி வந்தபோது மணிகளுக்கு அடியில் தளதளவென்று மஞ்சளாகத் தேங்கிக் கிடந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "அடப்பாவி, நான் பார்த்தா வெட்கமா உனக்கு?" என்று துரையைக் கொஞ்சிவிட்டுத் தட்டைச் சாய்த்துச் சிரிஞ்சால் உறிஞ்சினார்.

கட்டிலிலிருந்து மனைவி "அதான்... அதான்" என்றாள். இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டி நீட்டி ஆட்டினாள்.

"ஆமாம்மா, போயிட்டான். நிம்மதியா? இதோ கொடுத்துட்டு ஓடி வந்துடறேன்."

"அதான்!"

"வெயிலா? குடை எடுத்துக்கறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டாக்டரம்மா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்த்தாள். கொஞ்சத்தை மெஷினில் சுழலவைத்து, அடியில் தங்கியதில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் ஆச்சரியம் தெரிந்தது. "சுத்தமா இருக்கே. ரத்தம் இல்லை, உப்புத்தூள் இல்லை, கிருமியும் இல்லை. இது அவனோடதுதானே?"

"பின்னே என்னோடதா?" என்றார் கண்டக்டர்.

"வீட்டுல ஏதாவது மாறுதல் நடந்திருக்கா? பூனைக்கு மனக்கவலை வந்தாலும் மூத்திரப்பை புண்ணாகும்."

கண்டக்டர் மனைவிக்கு வந்ததைச் சொன்னார். டாக்டரம்மா தலையசைத்தாள். கவலையாகத்தான் இருக்கும், தாராளமாகப் போகிறதென்றால் பயமில்லை, வலிக்கு மருந்து தருகிறேன், நிறையத் தண்ணீர் குடிக்க வையுங்கள் என்றாள். பூனைக்கும் தன் மனைவியை நினைத்துக் கவலையா என்று கண்டக்டருக்கு நெஞ்சு இளகிவிட்டது. வழியெல்லாம் துரையை நினைத்துக்கொண்டே வந்தார்.

அன்று சாயந்திரம் மனைவி ஒரு வழியாகிவிட்டாள். ஜன்னலைக் காட்டினாள், தட்டைக் காட்டினாள், துரையைக் காட்டினாள், மறுபடி ஜன்னலைக் காட்டினாள். "அதான், அதான், அதான்" என்று குரல் உயர்ந்துகொண்டே போனது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"குளிருதா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன" என்று கண்டக்டர் ஜன்னலை இழுத்துச் சாத்திக் கொக்கியைப் போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பார்த்தாயா, சரியாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு அவர் போர்வையை இழுத்துவிட்டார். அடப்பாவி மனிதரே என்று கத்த அங்கே யாரும் இல்லை.

மறுநாள் தட்டு காய்ந்து கிடந்தது. துரை அதில் அடிக்கடி போய் உட்காரவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று கண்டக்டர் சந்தோஷப்பட்டார். மீனை வைத்தார், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாந்தி எடுத்தது, மருந்துச் சூடு என்று துடைத்தார். மனைவியின் கைக்கடியில் போய்ப் படுக்காமல் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. மனைவி இடது கையைக் கீழே தொங்கவிட்டுத் துழாவினாள். அது வரவில்லை. அவள் அழுதாள், சத்தம் போட்டு அழுதாள். "இன்னிக்கு ஒருநாள் படுத்துக்கட்டும்மா, நாளைக்குச் சரியாயிடும்" என்றார் கண்டக்டர். அவர் குரலை அவரே நம்பவில்லை.

மத்தியானம் ஜன்னல் கதவை யாரோ பிறாண்டுகிற சத்தம் கேட்டது. எரிச்சலோடு போய்க் கொக்கியை நீக்கினார். வெளியே விளிம்பில் ஒரு வரிப்பூனை நின்றிருந்தது. ஒல்லியான பெட்டை. தெருவில் திரிகிறது. மனைவி நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கும் ஏதாவது போடுவாள் என்று அவருக்கு லேசாக ஞாபகம். விரட்டக் கையை ஓங்கினார். அது அவரை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. அவர் கைக்கடியில் புகுந்து உள்ளே குதித்தது, நேரே துரையின் தட்டுக்குப் போனது, நாலு மணியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தது. சர்ரென்று போனது. மஞ்சளாக, சுத்தமாக, தாராளமாக. வேலை முடிந்ததும் வந்த வழியே ஏறிக் குதித்துப் போய்விட்டது.

கண்டக்டர் பேந்தப் பேந்த விழித்தார். மெதுவாகக் கட்டில் பக்கம் திரும்பினார்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டவில்லை, சத்தம் போடவில்லை. ஒரே ஒரு தரம், தணிந்த குரலில், "அதான்" என்றாள்.

அவர் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய்த் துரையை இழுத்தார். வயிற்றில் கை பட்டதும் அது மனிதக்குழந்தை மாதிரி அலறியது. வயிறு கல்லாக இருந்தது. கூடையில் துண்டை விரித்துப் படுக்கவைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். எதிர்வீட்டுத் தையல்காரப் பெண்ணைக் கூப்பிட்டு "தங்கச்சி, கொஞ்சம் அவகூட இரு" என்று கத்தினார். அவள் ஊசியும் நூலுமாக எழுந்து வந்தாள்.

நிறுத்தத்தில் பேருந்து நின்றுகொண்டிருந்தது. ஏறினார்.

"பெரியவரே, என்ன அது, பூனையா? எறங்குங்க" என்றான் அந்த வண்டியின் கண்டக்டர் பையன்.

"தம்பி, இது உசிருக்கு..."

"மிருகம் ஏத்தக் கூடாது, தெரியாதா உங்களுக்கு? எறங்குங்க, வண்டி லேட்டு."

"நானும் கண்ட..."

விசில் ஊதிவிட்டான். கண்டக்டர் இறங்கிவிட்டார். இதே மாதிரி ஆட்டுக்குட்டியோடு ஏறியவர்களையும் கோழியோடு ஏறியவர்களையும் அவர் எத்தனை பேரை இறக்கிவிட்டிருப்பார். அதையெல்லாம் நினைக்க அப்போது நேரமில்லை. கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். மூச்சு இரைத்தது, செருப்பு ஒன்று கழன்றது, திரும்பிப் பார்க்கவில்லை. "டேய் துரை, டேய் ராஜா, இருடா" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். கூடைக்குள்ளிருந்து பதில் இல்லை.

டாக்டரம்மா துரையின் வயிற்றில் கை வைத்ததுமே முகம் மாறிவிட்டாள். "முழு அடைப்பு. பை வெடிக்கிற மாதிரி இருக்கு. நேத்து கொண்டுவந்தது..."

அவள் முடிக்கட்டும் என்று கண்டக்டர் காத்திருந்தார். அவளே நிறுத்திவிட்டாள்.

"அது வேற பூனையோடதும்மா" என்றார். "ஜன்னல் வழியா வந்திருக்கு. எனக்குத் தெரியாது."

டாக்டரம்மா சிரிஞ்சை எடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். ரத்தம் எடுத்துக்கொண்டே கேட்டாள்: "கடைசியா இவன் எப்ப மூத்திரம் போனான்? தட்டுல இருந்ததைக் கேட்கலை. இவன் போறதை யாராவது கண்ணால பார்த்தாங்களா?"

அவர் தட்டைத்தான் பார்த்தார், துரையைப் பார்க்கவில்லை. "என் வீட்டுக்காரி பார்த்திருப்பா. நாள் முழுக்க அங்கேயேதான் படுத்திருக்கா."

"அப்ப அவங்களைக் கேளுங்க."

வீட்டுக்குப் போன் போட்டார். தையல்காரப் பெண் எடுத்தாள். "தங்கச்சி, அவ காதுல வை. தலையை எப்படி ஆட்டுறான்னு பார்த்துச் சொல்லு." பிறகு, நாற்பது வருஷத்தில் பேசியிராத மெதுவான குரலில் மனைவியிடம் கேட்டார். "ஏம்மா. துரை இன்னிக்குப் போனானா?"

பதில் வருவதற்குள் 'போகலைதானே' என்று அவரே சொல்லிவிட நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லேங்கிறாங்க அண்ணே."

"நேத்து போனானா?"

"அதான்" என்று மனைவியின் குரல் கேட்டது. "இல்லேன்னு ஆட்டுறாங்க" என்றாள் தையல்காரப் பெண்.

"நான் கரண்டியை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே. அதுக்கு முந்தி?"

"ஆமாங்கிறாங்க. விரலைச் சுண்டிக் காட்டுறாங்க அண்ணே. ஏதோ கொஞ்சமாங்கிறாங்களா?... ஆமாம், கொஞ்சமாம்."

அவள் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் சொல்லியிருந்தாள். ஜன்னலைக் காட்டிக் காட்டிச் சொல்லியிருந்தாள்.

டாக்டரம்மா ரத்தத்தின் முடிவைப் பார்த்துவிட்டு வந்தாள். "விஷமெல்லாம் ரத்தத்துல ஏறிடுச்சு. இதயத்துடிப்பு தப்புது. மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டாத்தான் அடைப்பு எடுபடும். மயக்கத்துலயே போயிடவும் வாய்ப்பு இருக்கு. விடாட்டா நிச்சயமாப் போயிடும், வலியோட. என்ன செய்யட்டும்?"

"குழாயை விடுங்க" என்று சொல்ல வாயெடுத்தார். நிறுத்திக்கொண்டார். போன் இன்னும் கையில்தான் இருந்தது. டாக்டரம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் மனைவியிடம் சொன்னார். "உன் பூனைம்மா. குழாய் விடச் சொல்லட்டுமா? நீ சொல்லு. நான் இருக்கேன்."

இருந்தார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"ஆமாங்கிறாங்க அண்ணே" என்றாள் தையல்காரப் பெண். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பிசைந்தார். ஒற்றைச் செருப்புக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது, "வந்திடுச்சு, குழாய் உள்ளே போயிடுச்சு." அவர் துள்ளி எழுந்தார். கதவிடுக்கில் பார்த்தார். குழாய் வழியாகச் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மணலாக உப்புத்தூள் கலந்து வந்தது. பார்க்கப் பார்க்க அது ஓட்டமாக ஓடியது. கடவுளே என்று கதவில் நெற்றியை முட்டிக்கொண்டார். பை காலியானது, வயிறு தளர்ந்தது. டாக்டரம்மா காதில் மாட்டியிருந்ததைத் துரையின் நெஞ்சில் வைத்தாள். அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஊசி போட்டாள். நெஞ்சை இரண்டு விரலால் அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கையை எடுத்துவிட்டாள்.

கூடையைத் துண்டால் மூடிக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்கு நடந்து வந்தார். வாசலில் தையல்காரப் பெண் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உள்ளே போய்க் கட்டிலுக்கு முன்னால் நின்றார்.

"ஏம்மா..." என்றார். அதற்குமேல் வரவில்லை. "நம்ம..." என்றார். அதுவும் பாதியிலேயே நின்றது.

அவள் அவருக்கு உதவி செய்யவில்லை. மிச்சத்தை அவளாகப் புரிந்துகொண்டு அவரைத் தப்பவிடவில்லை. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நம்ம துரை போயிட்டாம்மா" என்று அவர் முழுவதுமாகச் சொன்னார். "நீ சொன்னே. நான் கேட்கலை."

அவள் இடது கையால் வலது கையைத் தூக்கித் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள். அவர் கூடையிலிருந்து துரையை எடுத்து அங்கே படுக்கவைத்தார். விழுந்துபோன கையைத் தூக்கி அதன் முதுகின்மேல் வைத்தார்.

"திட்டு" என்றார். தரையில் உட்கார்ந்தார். "குறுக்கே பேச மாட்டேன்."

அவள் ஆரம்பித்தாள். "அதான்" என்றாள். "அதான், அதான்" என்றாள். உரக்கச் சொன்னாள், பல்லைக் கடித்துச் சொன்னாள், கெஞ்சலாகச் சொன்னாள், மூச்சு வாங்க நிறுத்திவிட்டு மறுபடி சொன்னாள். துரையைப் பற்றிச் சொன்னாள், ஜன்னலைக் காட்டிச் சொன்னாள். பிறகு துரை பிறப்பதற்கு முந்திய ஏதேதோ வருஷங்களைப் பற்றியும் சொன்னாள் என்று அவருக்குத் தோன்றியது. என்ன என்று அவர் ஊகிக்கப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் எப்போது போனாள் என்று தெரியவில்லை. ரோமத்துக்குள் இரண்டு விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. வெளியே வரிப்பூனை வந்து ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தது. அவர் அதை விரட்டவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.